கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறவர்

ஏற்பாட்டாளர் என்று ஓர் இனம் உண்டு. திருப்பூர்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. வேலை நேரத்தில் இவரை அடையாளம் காண்பது கடினம்; எல்லாரையும் போலத்தான் இருப்பார். நாலு பேர் கூடி டீ குடிக்கும் இடத்தில் யாராவது வாய் தவறி, "எங்காச்சும் போயிட்டு வந்தா நல்லாருக்குமில்லீங்க?" என்று சொல்லிவிட வேண்டும். அதுவரை பேசாமல் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருவார். எண்ணெய்க் கையைத் துடைப்பார். கண்ணாடியை மாட்டுவார். போனை எடுப்பார். "நீங்க யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்பார். அந்த நிமிடம் முதல் நீங்கள் அந்த இடத்தைப் பார்க்கப் போவதில்லை.

இவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். சோம்பேறியாக இருந்தால் நாம் பிழைத்தோம். சோம்பேறி மறந்துவிடுவான், நாமும் நம் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய் வந்துவிடலாம். இவர் மறக்கவே மாட்டார். யோசிப்பார், நம்மையும் யோசிக்கச் சொல்வார், யோசித்ததையெல்லாம் மறுபடி யோசிக்கலாமா என்று ஓட்டெடுப்பு வைப்பார், ஓட்டுப் போடாதவர்களுக்கு விடியற்காலையிலேயே நினைவூட்டல் அனுப்புவார். ஊர் பார்ப்பதில் இவருக்கு ஆசை கிடையாது. ஊர் பார்க்க ஏற்பாடு செய்வதில்தான் ஆசை. கல்யாணத்தைவிடப் பத்திரிகை அடிப்பதில் அக்கறை காட்டும் சித்தப்பாக்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்களே, அந்தக் கிளைதான்.

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்கு வாய்த்த ஏற்பாட்டாளரின் பெயர் மகுடேஸ்வரன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, வெளிநாட்டுக்காரன் கேட்ட பனியனை, நூலாக இருக்கும்போதே பிடித்து, சாயம், தையல், பொத்தான், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொரு வாசலாக விரட்டிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுகிற வேலை. வாழ்நாள் முழுக்கத் துணியைச் சரியான நேரத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பியவர் அவர். மனிதர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது மட்டும் ஏனோ கைகூடவில்லை.

விஷயத்தை ஆரம்பித்தது செல்லாத்தாள் அக்கா. காலர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறவர். பிறந்த ஊர் கொமரலிங்கம். ஆடி மாதத்தில் ஒரு நாள், நடந்து முடித்து டீக்கடையில் நின்றபோது சொன்னார்:

"மலையடிவாரத்துல ஒரு பழைய கோர்ட்டு இருக்குதில்லீங்க, வெள்ளைக்காரன் கட்டினது? அதை இப்ப மியூசியமா மாத்தி வெச்சிருக்காங்களாமுங்க. எங்கய்யனை அங்கதான் கொண்டுபோய் நிறுத்துனாங்க. அந்தக் கூண்டை ஒருக்கா பார்த்துப்போடணும்."

அய்யன் என்றால் அவருடைய அப்பா. செல்லாத்தாள் அக்கா கைக்குழந்தையாக இருந்த காலம். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விடாமல் அதிகாரிகள் மதகைப் பூட்டி வைத்திருக்க, கடைமடையில் நெல் காய்ந்துகொண்டிருக்க, அய்யன் பூட்டை உடைத்து மதகைத் தூக்கிவிட்டாராம். வழக்கு வந்தது. நீதிபதி, "எதற்காக உடைத்தாய்?" என்று கேட்டாராம். "தண்ணிக்குக் கையிருந்தா அதே தூக்கிட்டு வந்திருக்குமுங்க எசமான், இல்லாததுனால நான் தூக்கிவிட்டேன்" என்றாராம் அவர். வழக்கு தள்ளுபடி ஆனது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அய்யன் இந்தக் கதையைச் சொல்வாராம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருடைய பதில் கொஞ்சம் நீளுமாம்.

"அட, நாம எல்லாருமே போலாமே!" என்றது யார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்தால் விசாரிக்க வேண்டியிருக்கிறது. மகுடேஸ்வரன் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மாலைக்குள் 'கோர்ட் விசிட்' என்று ஒரு வாட்ஸப் குழு பிறந்தது. நடைக் குழுவில் இருந்த அதே ஆட்கள்தான். இரண்டு நாளில் அதில் யாரோ புளியோதரைச் செய்முறையைப் போட்டுவிட்டதால், 'கோர்ட் விசிட் - அஃபிஷியல்' பிறந்தது. அதிலும் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டதால் ஏற்பாட்டாளர் மட்டுமே பேசக்கூடியதாக அதைப் பூட்டினார். மதகைப் பூட்டியவர்கள்கூட அவ்வளவு நன்றாகப் பூட்டியிருக்க மாட்டார்கள். நாங்கள் பேச வேண்டுமென்றால் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் அதைப் பரிசீலித்து, "உங்கள் மேலான ஆலோசனை பதிவு செய்யப்பட்டது" என்று பதில் போடுவார். எங்கே பதிவு செய்தார் என்று கேட்கக்கூடாது.

தேதி குறிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த இனத்தின் முழு அழகும் அதில்தான் வெளிப்படும். ஆடியில் நல்ல காரியம் ஆரம்பிக்கக்கூடாது. ஆவணியில் வாரத்துக்கு ஒரு கல்யாணம். புரட்டாசியில் கறி கிடையாது, பிரியாணி இல்லாத பயணத்துக்கு ஆள் சேராது. ஐப்பசியில் தீபாவளி, கம்பெனிகளில் போனஸ் பேச்சு. கார்த்திகையில் மழை, போதாததற்கு வேன் டிரைவர் மாலை போட்டிருக்கிறார். மார்கழி ஆகாது என்பது ஊருக்கே தெரியும். தையில் வேலையாட்கள் பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்புவார்களா மாட்டார்களா என்ற கவலை. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஆண்டவன் வருஷத்தைப் படைத்ததே நாம் எங்கும் போகாமல் வீட்டில் இருப்பதற்குத்தான் என்று தோன்றும்.

"எப்பங்க போறோம்?" என்று செல்லாத்தாள் அக்கா வாரம் தவறாமல் கேட்பார்.

"பிளான் பண்ணாமப் போனா அது போறதில்லீங்க அக்கா, ஓடறது. கொஞ்சம் பொறுங்க" என்பார் மகுடேஸ்வரன்.

"அதுவும் சரிதானுங்க" என்பார் எங்கள் குழுவின் தலைவர் ஆறுமுகசாமி. அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். அதற்காகத்தான் அவரைத் தலைவராக்கினோம்.

நடுவில் டி-ஷர்ட் பிரச்சினை கிளம்பியது. திருப்பூர்க்காரர்கள் கூட்டமாக ஓர் இடத்துக்குப் போய், உடம்பில் ஒரே மாதிரி டி-ஷர்ட் இல்லாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? கோர்ட் என்பதால் முதலில் கறுப்பு என்றார்கள். வழியில் முருகன் கோயில் இருக்கிறது, கறுப்பில் போவதா என்று எதிர்ப்பு வந்தது. வெள்ளை என்றார்கள், சாம்பார் என்று எதிர்ப்பு வந்தது. கடைசியில் நீலம் முடிவானது. எந்த நீலம்? சாயப்பட்டறையிலிருந்து துண்டுத் துணிகள் வந்தன. மகுடேஸ்வரன் அவற்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார், டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் தோளில் போட்டுப் பார்த்தார். "கொஞ்சம் சிவப்படிக்குதுங்க" என்று திருப்பி அனுப்பினார். நீலத்தில் சிவப்பு எங்கே என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

பிரிண்டிங் வேலை அருள்குமாருடையது. எங்கள் குழுவிலேயே வயதில் இளையவர், சொந்தமாகப் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். அந்தக் குற்றத்துக்காக வேலை அவர் தலையில் விழுந்தது. முதுகில் போட வேண்டிய வாசகத்தை மகுடேஸ்வரன் பலநாள் யோசித்து அனுப்பினார்: 'நீதியை நோக்கி ஒரு பயணம்.' அனுப்பும்போது கண்ணாடி போடவில்லை போலிருக்கிறது. அச்சாகி வந்த டி-ஷர்ட்டுகளில் எல்லார் முதுகிலும் 'நிதியை நோக்கி ஒரு பயணம்' என்று இருந்தது.

"நம்மூருக்கு இதுதானுங்க பொருத்தம், அப்படியே விட்டுடலாம்" என்றார் அருள்குமார்.

"அதுவும் சரிதானுங்க" என்றார் தலைவர்.

மகுடேஸ்வரன் ஒப்புக்கொள்ளவில்லை. குழு போட்டோ பேப்பரில் வந்தால் என்ன ஆவது? திரும்ப அடிக்கச் சொன்னார். அருள்குமாருக்கு அப்போது பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. ஒரு நெடில் எழுத்து குறிலானதில் எங்கள் பயணம் மார்கழியைத் தாண்டித் தைக்குப் போனது.

சும்மா இருந்தாரா ஏற்பாட்டாளர்? இருக்க மாட்டாரே. மியூசியத்துக்கு நினைவுப் பரிசு தர வேண்டுமென்று அனுப்பர்பாளையத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்குச் சொல்லிவைத்தார். அதன் அடியில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்று ஒரு வாரம் ஓடியது. பிறகு, தலைவரையும் அழைத்துக்கொண்டு முன்னாய்வு என்ற பெயரில் அந்த ஊருக்கே காரில் போய்விட்டு வந்தார். மார்கழியில் நல்ல காரியம்தான் செய்யக்கூடாது. முன்னாய்வுக்கு அந்தத் தடை இல்லையாம். திரும்பி வந்து எங்களுக்கு நீண்ட அறிக்கை கொடுத்தார். வேன் திரும்ப இடமிருக்கிறது. மரத்தடியில் நிழலிருக்கிறது. எதிர் ஓட்டலில் தோசை மெலிதாக இருக்கிறது, சட்னி சுமார். கழிப்பறை பரவாயில்லை.

"உள்ள எப்படீங்க இருக்குது?" என்று ஆவலாகக் கேட்டார் செல்லாத்தாள் அக்கா. "கூண்டு இருக்குதுங்களா?"

"உள்ள போகலீங்க அக்கா. எல்லாரும் சேர்ந்து பார்க்கறதுக்கு முன்னாடி நாங்க பார்த்துட்டா அந்த திரில் போயிருமில்லீங்க?"

அக்காவின் முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. பிறகு வழக்கம்போல், "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வில் எத்தனை விதம் உண்டு என்பது கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருவழியாக மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கோர்ட் இருப்பது தெற்கே. வேன் வடக்கே திரும்பியது. காலைப் பொங்கலுக்கு ஊத்துக்குளி நெய் வாங்க வேண்டுமாம். அதைக் கடையில் வாங்கினால் ஆகாதாம், அங்கேயே போய்ப் பச்சை வெண்ணெயைக் கண்ணெதிரே உருக்கி வாங்க வேண்டுமாம். வெண்ணெய் உருகியது. வெயிலும் ஏறியது. திரும்பத் திருப்பூருக்குள்ளேயே நுழைந்து, எங்கள் வீடுகளையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தெற்கே போனோம். வழியில் கோயில், கோயில் வாசலில் பொங்கல், பொங்கலுக்குப் பிறகு 'கோர்ட் விசிட்' பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ. நீலத்தில் நாங்கள் எல்லாரும் ஏதோ கம்பெனியின் செக்யூரிட்டி ஆட்கள் போல இருந்தோம். செல்லாத்தாள் அக்கா சேலைக்கு மேலேயே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, முன் சீட்டில், கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஊரை அடைந்தபோது உச்சி வெயில். மகுடேஸ்வரன் சொன்னபடியே வேன் திரும்ப இடமிருந்தது. மரத்தடியில் நிழலிருந்தது. கோர்ட்டைச் சுற்றித் தகரத் தடுப்பும் இருந்தது.

முன்வாசல் கம்பிக்கதவில் கனமான பூட்டு. உள்ளே ஓடுகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். கூரைச் சட்டங்கள் விலா எலும்புகளைப் போல வெளியே தெரிந்தன. சாரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"என்னுங்க இது?" என்றார் அருள்குமார்.

வாட்ச்மேன் வந்தார். முனீஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது; பேச்சில் தெற்கத்திக்காரர் என்று தெரிந்தது. "அண்ணே, உள்ள விட முடியாதுண்ணே. போன மாசக் கடைசியோட மூடியாச்சு. ஓட்டை மாத்தி, சட்டத்தை மாத்தித் தொறக்க ஒரு வருசமாவது ஆகும்."

எல்லாரும் மகுடேஸ்வரனைப் பார்த்தோம். அவர் குத்துவிளக்கைப் பார்த்தார்.

அப்போதுதான் தலைவர் ஆறுமுகசாமி, வாழ்க்கையில் முதன்முறையாக, 'அதுவும் சரிதானுங்க' தவிர வேறொரு வாக்கியம் பேசினார். "ஏனுங்க மகுடேஸ்வரன், நாம அன்னிக்கு வந்தப்பவே இந்தத் தம்பி சொன்னாரில்லீங்க, தை முடிஞ்சதும் மூடிருவாங்கன்னு?"



"சொன்னார்தான். ஆனா டி-ஷர்ட் ரெடியாகலியே..." என்றார் மகுடேஸ்வரன்.

அருள்குமாருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. "எது, டி-ஷர்ட்டுக்காகவா? என்ற மேல பழியப் போடறீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேட்டி கட்டிக்கிட்டு வந்திருப்போமில்லீங்க! அந்தக் குரூப்பைப் பூட்டி வெச்சு யாரையும் பேச விடாம..."

"ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியாச்சுன்னு எங்கிட்டச் சொன்னீங்களே?" என்று செல்லாத்தாள் அக்கா மெதுவாகக் கேட்டார். "நான் போன் பண்ணி, மூடப் போறாங்களாமுங்கன்னு சொன்னனில்லீங்க? நம்ம குரூப்புக்கு மட்டும் திறந்து விடறாங்க, பேசியாச்சுன்னீங்களே?"

"அது... பிராசஸ்ல இருக்குதுங்க அக்கா."

கவனியுங்கள். இந்த இனத்தைப் பற்றி வேறெதை மறந்தாலும் இந்தச் சொல்லை மறக்காதீர்கள். செய்யாத வேலைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி இப்படியே அணைக்குப் போய்விடலாம் என்றது. மறுபாதி வீட்டுக்குப் போய்விடலாம் என்றது. முனீஸ் மட்டும் எங்கள் பேச்சைக் கவனிக்காமல், கம்பிக்கதவுக்கு உள்ளேயிருந்து செல்லாத்தாள் அக்காவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டி-ஷர்ட் அவரைக் குழப்பியிருக்க வேண்டும்.

"ஏம்மா, நீங்க அன்னைக்கு ஒத்தையில வந்த அம்மாதான? ரெண்டு கூண்டுலயும் ஏறி நின்னீங்களே?"

எங்கள் எல்லாருடைய தலையும் திரும்பியது. அக்கா, ஏதோ திருடிவிட்டு அகப்பட்டதுபோல முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க தம்பி" என்றார்.

பிறகு எங்களிடம் திரும்பி, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். "யூனிட்டுல அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க. மாசத்துல ஒருநா பூரா நிறுத்துவாங்களே, அது. மெஷின் ஓடலை. சும்மா உட்கார்ந்திருந்தனா, இந்த ஆபீசு நம்பரைத் தேடி ஒரு போனைப் போட்டேன். தை மாசத்தோட சரி, அப்பறம் மூடறோமுன்னாங்க. மகுடேஸ்வரனுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அவரு பர்மிஷன் இருக்குதுன்னாரு. சரி, எல்லாருமா வரும்போது இன்னொருக்கா பார்த்துக்கலாம், இப்ப மனசு கேக்கலையேன்னு பஸ் ஏறிட்டேனுங்க."

எங்களில் யாருக்கும் தோன்றாத காரியம்: அந்த இடத்துக்கு ஒரு போன். பிறகு ஒரு பஸ்.

"உள்ள என்னுங்க இருக்குது அக்கா?" என்று கேட்டார் அருள்குமார். கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

அக்கா மரத்தடியில் வேரின் மேல் உட்கார்ந்தார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். மகுடேஸ்வரன் மட்டும் நின்றார்.

"உள்ள போனதும் குளுகுளுன்னு இருக்குதுங்க. சாமி ரூம்ல நுழைஞ்ச மாதிரி. நீதிபதி உட்கார்ற இடம் இந்த ஒசரத்துல. இந்தப் பக்கம் ஒரு கூண்டு, அந்தப் பக்கம் ஒரு கூண்டு. ஒண்ணு குத்தவாளிக்கு, ஒண்ணு சாட்சிக்காமா. எனக்குத் தெரியவே தெரியாதுங்க, ரெண்டு இருக்குமுன்னு." வேரின் பட்டையை நகத்தால் சுரண்டினார். "உங்ககிட்ட நான் சொல்லலை. எங்க பெரியப்பன் ஊட்ல வேற கதை சொல்லுவாங்க. மதகைத் தூக்கினது பெரியப்பனாமா. எங்கய்யன் சாட்சி சொல்லத்தான் கோர்ட்டுக்குப் போனாராமா. அதுவும் அண்ணனுக்கு எதிரா. அதிலருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு கிடையாது. எங்கய்யன் சாவுக்குக்கூட அவங்க வரலீங்க."

அக்கா கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"இதை யாருகிட்டக் கேக்கறது? அந்தக் காலத்து ஆளுங்க யாரும் இல்லை. அதான் கூண்டைப் பார்க்கோணும், பார்த்தா ஏதாச்சும் தெரியுமோன்னு ஒரு கிறுக்கு. இந்தத் தம்பிகிட்டக் கேட்டேன், ஏறி நிக்கலாமான்னு. நில்லுங்கம்மான்னாரு. மொதல்ல குத்தவாளிக் கூண்டுல நின்னேன். நீதிபதி நாற்காலியப் பார்க்கக் கழுத்து வலிக்குதுங்க. எங்கய்யன் குட்டை, அண்ணாந்துதான் பேசியிருப்பாரு. அப்பறம் சாட்சிக் கூண்டுல போய் நின்னேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்க நின்னா நேர் எதிர்ல குத்தவாளி மொகந்தானுங்க தெரியுது. வேற எங்கயும் பார்க்க முடியாது. கூடப் பொறந்தவன் மொகத்தை அங்க வெச்சு நினைச்சுப் பார்த்தேன். எதிரா ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமுன்னு வாயத் திறந்தேன். வரலீங்க. எனக்கே வரலீன்னா எங்கய்யனுக்கு எப்படி வந்திருக்கும்? எதுல வேணா நின்னிருக்கட்டும், போங்க. அண்ணனைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாரு. அது போதுமுங்க எனக்கு."

"பெரியப்பன் ஊட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன் நான்.

"போன வாரம் போனேன். காப்பி கொடுத்தாங்க."

கொங்கு நாட்டில் இதற்கு மேல் ஒரு சமாதான ஒப்பந்தம் கிடையாது.

மகுடேஸ்வரன் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கம்பிக்கதவருகே போனார். தகரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது.

"எங்ககிட்ட ஏனுங்க அக்கா இதை முன்னாடியே சொல்லலை? போயிட்டு வந்துட்டேன்னு?"

"நீங்க எவ்வளவு பாடுபட்டு ஏற்பாடு பண்ணிட்டிருந்தீங்க. நான் பாட்டுக்குத் தனியாப் போயிட்டு வந்தேன்னு தெரிஞ்சா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதாங்க" என்றார் அக்கா. அதில் துளிக்கூடக் குத்தல் இல்லை. அதனால்தான் ஆழமாகக் குத்தியது.

மகுடேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். "மூடப் போறாங்கன்னு இந்தத் தம்பி சொன்ன அன்னிக்கே எல்லாரையும் கூட்டிட்டு வந்திருந்தா, உங்க கூடவே நாங்களும் நின்னிருப்போம். நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். உண்மையாகவே சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

இனம் என்றால் சும்மாவா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, எங்களை வரிசையாகப் பார்த்தார். உயரமானவர்கள் பின்னால் நிற்க வேண்டும் என்று அவர் கண் கணக்குப் போடுவது தெரிந்தது.

"வந்தது வந்தோம், கேட்டுக்கு முன்னாடி ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கலாமுங்களா? தகரம் மறையற மாதிரி பேனரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அக்கா, நீங்க நடுவுல வாங்க."

குத்துவிளக்கைக் கம்பிக்கதவு வழியாக முனீஸ் கையில் கொடுப்பதுபோல ஒரு படம். எடுத்து முடித்ததும் விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திறப்பு விழாவுக்கு முறைப்படி கொடுக்க வேண்டுமாம். அந்த மெலிதான தோசையைச் சாப்பிட்டோம். சட்னி சுமார்தான், அறிக்கையில் அந்தப் பகுதி துல்லியம்.

வேன் ஊரைத் தாண்டுவதற்குள் எல்லார் போனும் சிணுங்கியது. அஃபிஷியல் குழுவில் செய்தி: 'வரலாற்றுச் சிறப்புமிக்க நீதிமன்றப் பயணம் மாபெரும் வெற்றி. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.' கூடவே இன்னொரு சிணுங்கல். 'கோர்ட் விசிட் - மறு திறப்பு' என்ற குழுவில் எங்களைச் சேர்த்திருந்தார். முதல் ஓட்டெடுப்பும் வந்துவிட்டது. காலர் வைத்த டி-ஷர்ட்டா, காலர் இல்லாததா?

"காலர் வெச்சதே போடுங்க, நான் தைச்சுத் தர்றேன்" என்றார் முன் சீட்டிலிருந்து செல்லாத்தாள் அக்கா. எல்லாரும் சிரித்தோம். மகுடேஸ்வரன் அதை மேலான ஆலோசனையாகப் பதிவு செய்துகொண்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் டி-ஷர்ட் அடிக்கிற ஆள் இல்லை. குரூப்பைப் பூட்டுகிற ஆளும் இல்லை. விளக்கில் பெயர் பொறிப்பதெல்லாம் உங்களுக்குக் கூச்சம். இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர், சாப்பாடு போடும்போதோ துணி மடிக்கும்போதோ, ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அங்கே ஒருதடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நீங்களும் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாருக்கும் லீவு கிடைக்கட்டும், சேர்ந்து போலாம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் இப்போதெல்லாம் அந்த ஊரைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆசை விட்டுப்போய்விட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவர் எப்போதோ போய்விட்டு வந்திருக்கலாம். உங்கள் மனசு சங்கடப்படுமே என்று சொல்லாமல் இருக்கலாம்.